நன்னிலத்தில் விழுந்த விதை



விதைப்பவர் உவமையில் ஆண்டவர் இயேசு நான்கு வகை நிலங்களைப் பற்றிச் சொல்கிறார். வழியோரம், பாறை நிலம், முட்செடி நிறைந்த நிலம், கடைசியாக நல்ல நிலம். காவிரியின் கிளையாறுகள் பாயும் நம் பகுதியில் ஓர் ஊருக்கே நன்னிலம் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் இந்த உவமை நம் நினைவுக்கு வருகிறது.

நல்ல நிலம் எப்படி உருவாகிறது என்று டெல்டா மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் உழுது, தண்ணீர் வந்ததும் சேறடித்து, தழையும் எருவும் போட்டு மிதித்த பிறகே வயல் நாற்றை ஏற்கத் தயாராகிறது. மண்ணைக் கீறாமல் விதை உள்ளே போகாது. மனித உள்ளமும் இப்படித்தான். உழப்படும்போது அதற்கு வலிக்கிறது, ஆனால் அந்த வலியில்தான் இறைவார்த்தை உள்ளே இறங்குகிறது. இதற்குத் தமிழ் மண்ணிலேயே நமக்கு ஒரு சாட்சி இருக்கிறார். அவர்தான் மறைசாட்சியான புனித தேவசகாயம்.

இழப்பு என்னும் ஏர்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் பிறந்தவர் நீலகண்டன். அக்காலத்தில் அது திருவிதாங்கூர் நாடு. செல்வாக்கு மிக்க உயர்சாதி இந்துக் குடும்பம். மொழிகளையும் போர்க்கலைகளையும் கற்றார். மார்த்தாண்ட வர்மா மன்னரின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலரானார். பார்கவி என்ற பெண்ணை மணந்தார். நிலம், மாடு, பதவி, மதிப்பு என எதற்கும் குறைவில்லாத வாழ்க்கை.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இழப்புகள் வந்தன. கால்நடைகள் மடிந்தன. பயிர்கள் அழிந்தன. எவ்வளவோ வழிபாடுகள் செய்தும் துன்பம் ஓயவில்லை. அவர் முகம் வாடிப்போனது. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், சாய்ந்த மரங்களுக்கும் செத்த மாடுகளுக்கும் நடுவில் நம் டெல்டா விவசாயிகள் நின்ற நிலையைப் பார்த்தவர்களுக்கு நீலகண்டனின் மனநிலை எளிதில் புரியும்.

அந்த வாட்டத்தைக் கவனித்தவர் தெ லனாய் என்ற டச்சுப் படைத்தலைவர். 1741-ல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி அளித்தவர். அவரும் தன் நாட்டையும் விடுதலையையும் இழந்தவர்தான். கத்தோலிக்கரான அவர் நீலகண்டனிடம் யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். மந்தைகளையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்த பின்னும் கடவுளை விட்டு விலகாத அந்த மனிதரின் கதை நீலகண்டனின் நெஞ்சில் தைத்தது. துன்பம் என்பது கடவுள் கைவிட்டதற்கு அடையாளம் ஆகாது என்று அன்று அவர் உணர்ந்தார். உழுத நிலத்தில் விதை விழுந்தது.

வடக்கன்குளத்தில் புதுப்பிறப்பு

திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே, இன்றைய திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள வடக்கன்குளத்தில் இயேசு சபை அருள்பணியாளர் புத்தாரி பணியாற்றிக்கொண்டிருந்தார். நீலகண்டன் அவரைத் தேடிச் சென்றார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், 33-ஆம் வயதில் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்பது அவருக்குத் தரப்பட்ட பெயர். கடவுள் உதவினார் என்பது அதன் பொருள். அதுவே தமிழில் தேவசகாயம் ஆனது. பின்னர் அவருடைய மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். தெரேசா என்பதன் தமிழ் வடிவமாக அப்பெயர் வழங்கியது.

உள்ளம் புதுப்பிக்கப்பட்டதன் அடையாளம் என்ன? தேவசகாயம் தன் சாதியின் உயரத்திலிருந்து இறங்கி வந்தார். தாழ்த்தப்பட்டவர்களோடு கலந்து பழகினார், அவர்களோடு அமர்ந்து உண்டார். அனைவரும் கடவுளின் பிள்ளைகள் என்பதை வாழ்ந்து காட்டினார். தீட்டு என்ற பெயரில் மனிதர் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று வகுத்திருந்த காலம் அது. அவர் கடவுளை மாற்றிக்கொண்டதைவிட, யாரோடும் சமமாய் அமர்ந்ததே பலருக்குப் பொறுக்க முடியாததாய் இருந்திருக்கும். அரண்மனையில் அவருக்கு எதிரிகள் உருவானார்கள். குற்றங்கள் சுமத்தப்பட்டன. 1749-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார்.

திரும்பக் கிடைக்காத செல்வம்

அன்பார்ந்தவர்களே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். யோபு இழந்ததையெல்லாம் இறுதியில் இரட்டிப்பாகத் திரும்பப் பெற்றார் என்று விவிலியம் கூறுகிறது. தேவசகாயத்துக்கு அப்படி நடக்கவில்லை. யோபுவின் கதையைக் கேட்டு நம்பிக்கை கொண்ட அவருக்கு மாடுகளும் திரும்பவில்லை, வயலும் திரும்பவில்லை. மிச்சமிருந்த பதவியும், உறவும், வீடும் போயின.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறையும் சித்திரவதையும். எருக்கம்பூ மாலை அணிவித்து, எருமையின்மேல் பின்புறமாக அமர்த்தி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். உள்ளங்காலில் பிரம்படி கொடுத்தார்கள். புண்களில் மிளகாய்த் தூளைத் தடவினார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்து அவர் செபித்தபோது பாறையிலிருந்து நீர் சுரந்தது என்பது மக்களின் வழிவழி நம்பிக்கை. இன்றும் முட்டிடிச்சான் பாறை என்று அந்த இடத்தை மக்கள் நாடிச் செல்கிறார்கள்.

பெருவிளையில் அவரை ஒரு வேப்பமரத்தில் கட்டி வைத்தார்கள். மாதக்கணக்கில் வெயிலும் மழையும் அவர்மேல் விழுந்தன. அங்குதான் ஓர் அதிசயம் நடந்தது. மக்கள் அவரை வேடிக்கை பார்க்க வரவில்லை, ஆறுதல் தேடி வந்தார்கள். தங்கள் நோயையும் கவலையையும் அந்தக் கட்டுண்ட மனிதரிடம் சொல்லி, செபிக்கக் கேட்டு, தெம்போடு திரும்பினார்கள். ஒரு காலத்தில் செத்த மாட்டுக்காகத் தேற்றுவாரின்றிக் கலங்கியவர், இப்போது கையும் காலும் கட்டப்பட்ட நிலையில் மற்றவர்களைத் தேற்றுகிறார். இழந்தவை அவரிடம் திரும்பவில்லை. ஆனால் அவற்றை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் அவரை விட்டுப் போயிருந்தது. இதைத்தான் நாம் ஆன்மீக நிறைவு என்கிறோம்.

1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 39. காட்டில் எறியப்பட்ட அவரது உடலின் எஞ்சிய பகுதிகளைக் கிறிஸ்தவர்கள் தேடி எடுத்து, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். 2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் புனிதராக உயர்த்தப்பட்ட முதல்வர் இவரே. துறவியோ குருவோ அல்லாத இல்லறத்தார் ஒருவர். அந்த அறிவிப்பில் அவர் பெயரோடு சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை என்பதும் நம் கவனத்துக்குரியது.

நமக்குச் சொல்லும் செய்தி

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரிக்க ஒரு சுவர் நின்றது. 1910-ல்தான் அது இடிக்கப்பட்டது. கல்லால் கட்டிய சுவரை ஒரு நாளில் இடித்துவிடலாம். நம் ஊர்த் தெருக்களில், தேர்ப் பவனியில், கல்லறைத் தோட்டத்தில், பெண் பார்க்கும் பேச்சில் நிற்கும் சுவர்களை என்ன செய்யப் போகிறோம்? பந்தியில் பக்கத்தில் யார் அமர்கிறார் என்று பார்க்கும் உள்ளத்தில் திருமுழுக்கின் தண்ணீர் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது?

நோய் நீங்கவும், கடன் அடையவும், பிள்ளைக்கு வேலை கிடைக்கவும் நாம் மன்றாடுகிறோம். தந்தையிடம் பிள்ளைகள் கேட்பது முறைதான். ஆனால் கேட்டது கிடைக்காத நாளில் நம் நம்பிக்கை வழியோரத்து விதையைப் போலப் பறவைகளுக்கு இரையாகிவிடுகிறதா, அல்லது இன்னும் ஆழமாக வேர்விடுகிறதா? நம்மையே கேட்டுப் பார்ப்போம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். தேவசகாயத்தின் வாழ்வைத் திருப்பியது பெரிய மறையுரை அல்ல. உடன் பணியாற்றிய ஒருவர் அவர் முகவாட்டத்தைக் கவனித்து, அருகில் அமர்ந்து பேசினார், அவ்வளவுதான். பயிர் பொய்த்த வீடு, சாவு நடந்த வீடு, பிள்ளை வழிதவறிய வீடு நம் பங்கில் எத்தனையோ உண்டு. இந்த வாரம் அப்படி ஒரு வீட்டின் திண்ணையில் நாம் போய் அமரலாமே.

அவருடைய திருநாள் சனவரி 14. சம்பா அறுவடையோடு நம் வீடுகள் பொங்கலுக்குத் தயாராகும் நேரம் அது. புது நெல்லை வீட்டுக்குள் கொண்டுவரும் அந்நாள்களில், முப்பதும் அறுபதும் நூறுமாகப் பலன் தந்த இந்தப் புனிதரை நினைப்போம். இறைவா, எங்கள் துன்பங்களால் எங்கள் உள்ளம் இறுகிப் பாறையாகிவிடாமல் காத்தருளும். உமது வார்த்தை இறங்கும் நல்ல நிலமாக எங்களைப் பண்படுத்தும். ஆமென்.