அறிவியல் கல்வி வளர்த்த அழகப்பர்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பான், லாபு, ரந்தாவ், பகாவ் என எந்தப் பக்கம் சென்றாலும் ஒரு காலத்தில் பால்மரங்களே கண்ணில் பட்டன. விடிவதற்கு முன்பே தொழிலாளர்கள் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்தனர். கத்தியும் வாளியும் ஏந்தி நிரைகளுக்குள் நடந்தனர். மரத்தின் பட்டையைச் சீவி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, தோட்டத்து ஆலையில் கொண்டுபோய்க் கொட்டினர். அந்தப் பால் உறைந்து, தகடாகி, புகையில் காய்ந்து, கப்பலேறி உலகச் சந்தைக்குச் சென்றது.

தமிழ்நாட்டிலிருந்து வந்து உழைத்த அந்த மக்களின் பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளியில் படித்தனர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. ஆனால், அப்பள்ளிகளில் பெரும்பாலானவை சில வகுப்புகளோடு நின்றுவிட்டன. பிறகு பிள்ளைகளின் கையிலும் வாளி ஏறியது. மலாயாவில் 1949ஆம் ஆண்டு வரை பல்கலைக்கழகமே இல்லை. பொறியியல் கல்வி என்பது தோட்டப்புறப் பிள்ளைகளின் கனவிலும் வராத ஒன்றாக இருந்தது.

பால்மரம் தந்த வருவாய் வெள்ளைக்கார நிறுவனங்களுக்கு மட்டும் செல்லவில்லை. செட்டிநாட்டிலிருந்து மலாயாவிற்கு வந்த நகரத்தார் பலரும் வட்டிக்கடை நடத்தினர், தோட்டங்களை வாங்கினர். ஈட்டிய பொருளைக் கொண்டு சொந்த ஊரில் பெரிய பெரிய வீடுகளைக் கட்டினர். கோயில்களுக்குத் திருப்பணி செய்தனர். அவர்களுள் ஒருவர் தம் செல்வத்தை ஆய்வுக்கூடங்களாகவும் கல்லூரிகளாகவும் மாற்றினார். அவரே வள்ளல் அழகப்பச் செட்டியார்.

அழகப்பர் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் பிறந்தார். அக்காலத்தில் வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு எழுதப் பழகியதும் கடைக்குப் போவதே வழக்கம். அழகப்பரோ காரைக்குடியில் பள்ளிப்படிப்பை முடித்தபின் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று சட்டம் பயின்றார். இலண்டனில் வங்கித் தொழிலைக் கற்றுக்கொண்டார். விமானம் ஓட்டவும் பயிற்சி பெற்றார். எதையும் நேரில் கற்றுத் தெளிய வேண்டும் என்னும் ஆர்வம் அவருக்கு இளமையிலேயே இருந்தது.

அந்த இளமையில் ஒரு பேரிடி விழுந்தது. அவரைத் தொழுநோய் பற்றியது. அக்காலத்தில் அந்நோயைத் தீர்க்கும் மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. நோயாளிகளை மக்கள் ஒதுக்கி வைத்தனர். நம் நாட்டிலும் 1930ஆம் ஆண்டு சுங்கை பூலோவில் தொழுநோயாளிகளுக்கென்று தனிக் குடியிருப்பே அமைக்கப்பட்டது. செல்வமும் கல்வியும் இருந்தும் அழகப்பரால் அந்தத் துன்பத்திலிருந்து தப்ப முடியவில்லை. எனினும், அவர் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. நோயோடு போராடிக்கொண்டே வாழ்நாள் முழுவதும் உழைத்தார்.

அழகப்பர் தொட்ட தொழில்கள் பல. கேரளத்தில் திருச்சூருக்கு அருகில் நெசவாலை நிறுவினார். அந்த இடம் இன்றும் அழகப்பா நகர் என்றே அழைக்கப்படுகிறது. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களை வைத்திருந்தார். ஈயத் தொழிலிலும் ஈடுபட்டார். காப்பீடு, பங்குச் சந்தை ஆகியவற்றிலும் முதலீடு செய்தார். ஜூப்பிட்டர் என்னும் விமான நிறுவனத்தையும் நடத்தினார். பொருள் பல வழிகளில் வந்து குவிந்தது.

தொழில்களை நடத்தும்போது அவர் ஓர் உண்மையைக் கண்டார். ஆலையைக் கட்டுவதற்குப் பணம் போதும். ஆலையை நடத்துவதற்கு அறிவு வேண்டும். நெசவாலையின் இயந்திரங்களும் அவற்றைப் பழுது பார்க்கும் வல்லுநர்களும் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. இந்த நிலை நீடித்தால், விடுதலை பெற்றாலும் நாடு பிறர் கையை எதிர்பார்த்தே நிற்கும். ஆகவே, பொறியியல், தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் இளைஞர்கள் பல்கலைக்கழக அளவில் பயில வேண்டும் என்று அவர் எண்ணினார்.

இங்கு ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ரப்பர்ப் பாலில் சிறிதளவு ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் அது உறைந்து கட்டியாகும். ஏன் உறைகிறது என்று ஆராய்வது வேதியியல். ஒரு குவளைப் பாலில் நடக்கும் அந்த மாற்றத்தை ஆயிரக்கணக்கான லிட்டர் பாலில், குறைந்த செலவில், ஒரே தரத்தில், ஆபத்தின்றி நடத்திக் காட்டுவது வேதிப்பொறியியல். தொட்டியின் அளவு, குழாயின் தடிமன், உலர்த்தும் வெப்பம், கழிவுநீரை அகற்றும் முறை ஆகிய எல்லாவற்றையும் கணக்கிட்டே அதனைச் செய்ய இயலும். தோட்டத் தொழிலாளி நாள்தோறும் கண்ணால் கண்ட வேலையின் பின்னே இத்தனை பாடங்கள் இருந்தன.

அழகப்பர் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு 5 இலட்சம் ரூபாய் நன்கொடை அளித்தார். அந்த நன்கொடையைக் கொண்டு 1944ஆம் ஆண்டு அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. வேதிப்பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் முதலிய துறைகள் அங்கு வளர்ந்தன. இன்று அக்கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக விளங்குகிறது. அறிவியலுக்கு வாரி வழங்கிய அவர் தமிழையும் மறக்கவில்லை. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழாராய்ச்சி நடைபெற 1 இலட்சம் ரூபாய் வழங்கினார்.

1947ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அதில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் உரையாற்றினார். கல்லூரியில் இடம் கிடைக்காமல் இளைஞர்கள் தவிப்பதை அவர் எடுத்துரைத்தார். செல்வர்கள் முன்வந்து ஊர்தோறும் கல்லூரிகளைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்க 1 இலட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். அறிவிப்போடு அவர் நின்றுவிடவில்லை. அடுத்த மாதமே காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. இந்தியா விடுதலை பெற்ற அதே ஆகஸ்ட் மாதத்தில் அக்கல்லூரியும் பிறந்தது. நாடு விடுதலை பெற்றபின், ஆங்கில அரசு தமக்கு அளித்திருந்த ‘சர்’ பட்டத்தை அழகப்பர் துறந்தார்.

அந்நாளில் விடுதலை இந்தியா தேசிய ஆய்வுக்கூடங்களை நிறுவத் திட்டமிட்டது. பெரிய நகரங்கள் அவற்றைப் பெறப் போட்டியிட்டன. காரைக்குடியோ மழை குறைந்த, செம்மண் நிறைந்த சிற்றூர்ப் பகுதி. அழகப்பர் தயங்கவில்லை. 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் அரசுக்கு வழங்க முன்வந்தார். அதன் பயனாக மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது. 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரியில் துணைக் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். மின்கலம் செய்தல், உலோகங்களுக்கு முலாம் பூசுதல், இரும்பு துருப்பிடிக்காமல் காத்தல் முதலிய ஆய்வுகளுக்கு அந்நிறுவனம் பெயர் பெற்றது.

கணிதமே எல்லா அறிவியலுக்கும் அடிப்படை என்பதையும் அழகப்பர் உணர்ந்திருந்தார். கணித மேதை இராமானுஜன் பெயரால் 1950ஆம் ஆண்டு சென்னையில் ஒரு கணித ஆய்வு நிறுவனத்தை ஏற்படுத்தினார். இராமானுஜனை உலகிற்கு அறிமுகப்படுத்திய பேராசிரியர் ஹார்டியின் மாணவரான விஜயராகவன் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார். உடனே இலாபம் தரும் படிப்பை மட்டுமே போற்றுகிறவர் கணித ஆய்வுக்குப் பணம் கொடுக்கமாட்டார். அழகப்பரின் தொலைநோக்கிற்கு இதுவே சான்று.

1952ஆம் ஆண்டு காரைக்குடியில் பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரியும் உருவானது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, தொழிற்பயிலகம், உடற்கல்விக் கல்லூரி, பெண்கள் கல்லூரி, மழலையர் பள்ளி எனக் கல்வி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பெண்கள் கல்லூரிக்கு இடம் தேவைப்பட்டபோது, அழகப்பர் தாம் வாழ்ந்த மாளிகையையே கொடுத்தார். முன்பு மேற்படிப்புக்காகச் சென்னைக்குப் பயணம் செய்ய வேண்டியிருந்த இளைஞர்கள், சொந்த ஊரின் அருகிலேயே பட்டம் பெறும் நிலை உருவானது.

கொடுப்பது எளிதாக இருந்த காலம் நீடிக்கவில்லை. இறுதி ஆண்டுகளில் அழகப்பரின் தொழில்கள் பெரும் நட்டத்தைச் சந்தித்தன. நோயும் அவரை வாட்டியது. அவரது நன்கொடையை நம்பியே நடந்த இராமானுஜன் நிறுவனம் மூடப்படும் நிலைக்கு வந்தது. இதை அறிந்த வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், அமெரிக்காவிலிருந்து பிரதமர் நேருவுக்கு எழுதினார். அதன்பின் 1957ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அந்நிறுவனத்தை ஏற்றுக்கொண்டது. தனி ஒருவரின் கொடையால் தொடங்கும் கல்வி நிலையம் நிலைத்து நிற்க, அரசும் சமுதாயமும் தோள்கொடுக்க வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இந்திய அரசு 1956ஆம் ஆண்டு அழகப்பருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கியது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், தம் 48ஆம் பிறந்தநாளுக்கு முந்திய நாள், அவர் மறைந்தார். அவர் கட்டிய ஆலைகளும் தோட்டங்களும் கைமாறின. அவர் நிறுவிய கல்வி நிலையங்களோ வளர்ந்தன. 1985ஆம் ஆண்டு காரைக்குடியில் அவர் பெயரால் அழகப்பா பல்கலைக்கழகம் தோன்றியது.

அழகப்பர் மறைந்த அதே ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் வேரூன்றி, 1962ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமானது. நம் நாட்டிலேயே அறிவியலும் பொறியியலும் பயிலும் வழி திறந்தது. அதற்கு முன்பு, மலாயாவின் பால்மரங்கள் தந்த பொருளில் ஒரு பகுதி கடல் கடந்து சென்று கல்லூரிகளை எழுப்பியது. அந்தப் பொருளில் பால்மரம் சீவிய தொழிலாளரின் வியர்வையும் கலந்திருந்தது. ஆனால், அக்கல்லூரிகளின் வாசல் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டாத தொலைவில் இருந்தது. வரலாற்றைப் படிக்கும்போது இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

மாணவர்களே, நெகிரி செம்பிலானின் பல தோட்டங்களில் இன்று பால்மரத்தின் இடத்தில் செம்பனை நிற்கிறது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெரட்டுக்களத்தில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகங்களில் பயில்கின்றனர். அறிவியல் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது கணக்கும் வேதியியலும் கடினமாகத் தோன்றலாம். செலவை எண்ணிப் பெற்றோர் கலங்கலாம். நோய் வருத்தியபோதும் கொடுப்பதை நிறுத்தாத ஒருவரின் வாழ்க்கை அப்போது நமக்குத் துணிவு தரும். படித்து முன்னேறியபின், அடுத்து வரும் ஒரு மாணவனுக்குக் கட்டணமோ புத்தகமோ நேரமோ கொடுத்து உதவுவதும் நம் கடமையாகும். அழகப்பர் காட்டிய வழி அதுவே.