அச்சம் போக்கிய ஆசான் டேல் கார்னகி

தரம் ஒன்பதில் படிக்கும்போது ஒரு பேச்சுப் போட்டியில் கலந்துகொண்டேன். இரண்டு பக்கங்களைச் சொல் பிசகாமல் மனனம் செய்திருந்தேன். மேடையில் நான்காவது வரி மறந்துபோனது. அதன்பின் எதுவுமே நினைவுக்கு வரவில்லை. அழுதுகொண்டே இறங்கினேன். அன்றிரவு வாப்பா எனக்கு ஒருவருடைய கதையைச் சொன்னார். அவர்தான் டேல் கார்னகி.

1888 நவம்பர் 24 ஆம் திகதி அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஓர் ஏழை விவசாயியின் மகனாக அவர் பிறந்தார். வோரன்ஸ்பர்க் நகரின் ஆசிரியர் கல்லூரியில் படித்தபோது நகரில் தங்கிப் படிக்க வசதியில்லை. பண்ணையிலிருந்து குதிரையிலேயே கல்லூரிக்குப் போய் வந்தார். சக மாணவரிடம் மதிப்புப் பெற விரும்பிப் பேச்சுப் போட்டிகளில் இறங்கினார். ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றார். ஆயினும் குதிரையில் போகும்போதும் பால் கறக்கும்போதும் பேசிப் பேசிப் பழகினார். பின்னர் வெற்றிகள் வந்தன.

படிப்புக்குப் பின் விற்பனையாளராக அலைந்தார், நியூயோர்க் சென்று நடிப்புப் பயின்றார், லொறி விற்றார். எதிலும் மனம் நிறையவில்லை. 1912 இல் அந்நகரின் வை.எம்.சி.ஏ. நிலையமொன்றில் பேச்சுப் பயிற்சிக்கான இரவு வகுப்பொன்றைத் தொடங்கினார். ஓர் இரவுக்கு 2 டொலர் சம்பளம் தர நிலையம் மறுத்துவிட்டது. கிடைக்கும் வருமானத்தில் ஒரு பங்கைப் பெற இணங்கினார்.

வந்தவர்கள் பகலெல்லாம் தொழில் பார்த்தவர்கள். கூட்டத்தில் எழுந்து கால் நடுங்காமல் நாலு வார்த்தை பேசவே அவர்கள் விரும்பினர். தொடக்க வகுப்பொன்றில் கார்னகி ஆயத்தம் செய்திருந்த விரிவுரை பாதியிலேயே தீர்ந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், மாணவர்களையே எழுந்து பேசச் சொன்னார். தங்களுக்குக் கோபமூட்டிய ஒன்றைப் பற்றிப் பேசும்போது அவர்கள் பயத்தை மறந்துவிடுவதைக் கண்டார். ஆசானும் அன்றுதான் பாடம் கற்றார்.

அதன்பின் அவருடைய வகுப்பில் மாணவர்களே பேசினர். மனனம் செய்து ஒப்புவிக்க வேண்டாம், வாழ்ந்து அறிந்ததைப் பேசுங்கள் என்பதே அவர் கற்பித்த முறை. குறைகளைக் குத்திக்காட்டாமல் நிறைகளைப் பாராட்டினார். மனிதரோடு பழகும் கலையைப் பற்றி 1936 இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் பரவியது. 1955 நவம்பர் முதலாம் திகதி காலமானார். அவர் தொடங்கிய பயிற்சி இன்றும் பல நாடுகளில் நடைபெறுகிறது.

கதையை முடித்த வாப்பா, பிர்அவ்னிடம் செல்லுமுன் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு நபி மூஸா (அலை) அவர்கள் இறைவனிடம் கேட்டதை நினைவூட்டினார். நபிமார்களே கேட்ட உதவியை நான் கேட்க வெட்கப்படுவதா?

அடுத்த வருடம் மீண்டும் மேடையேறினேன். இம்முறை கையில் தாளில்லை, மனனமும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாமலே ஏழு பிள்ளைகளையும் படிக்கவைத்த என் உம்மும்மாவைப் பற்றிப் பேசினேன். கால்கள் நடுங்கத்தான் செய்தன. பரிசும் கிடைக்கவில்லை. ஆனால் முன்வரிசையில் இருந்த ஒரு தாய் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைக் கண்டேன். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தே இறங்கினேன்.