ஸ்ரீ அரவிந்தர் துறந்த உத்தியோகம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒரு பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டால், அவனுக்குச் சர்க்கார் உத்தியோகம் எப்பொழுது கிடைக்கும் என்பதே வீட்டாரின் முதற் கேள்வியாக இருக்கின்றது. அது குற்றமுடைய கேள்வியன்று. வறுமையைக் கண்டவர்கள் கேட்பது. ஆயினும் நம் காலாப்பட்டிற்குத் தெற்கே, புதுச்சேரி நகரத்தில் 40 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த ஸ்ரீ அரவிந்தர் இக்கேள்விக்கு வேறொரு விடை கண்டாராதலின், அவர் சரித்திரத்தைச் சுருக்கி எழுதலானேன்.

அவர் 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணதன கோஷ் ஒரு வைத்தியர். மைந்தரைச் சீமைத் துரைமக்களைப் போல வளர்க்க விரும்பி, ஏழாம் வயதிலேயே இங்கிலாந்தில் கொண்டுபோய் விட்டார். ஐ.சி.எஸ். பதவியே அவர் கண்ட கனவு. பிள்ளையும் 1890-இல் அப்பரீட்சையில் பதினோராமவராகத் தேறினார். பயிற்சிக் காலமும் கழிந்து, குதிரையேற்றச் சோதனை ஒன்றே எஞ்சி நின்றது. பலமுறை தவணை கொடுத்தும் அவர் அதற்குச் செல்லவில்லை. வேண்டாமென்று வாய்விட்டுச் சொன்னால் வீட்டார் இசையார் என்பது அவருக்குத் தெரியும். 1892-இல் அவர் தள்ளப்பட்டார். அவ்வாண்டிலேயே, மைந்தர் ஏறிய கப்பல் மூழ்கிற்றென்று தவறாக வந்த செய்தியைக் கேட்டுத் தந்தையார் உயிர் நீத்தார். மைந்தரோ வேறொரு கப்பலில் 1893 பிப்ரவரியில் நலமே பம்பாய் வந்திறங்கினார்.

பின்னர்ப் பரோடா சமஸ்தானத்தில் 13 ஆண்டுகள் ஊழியம் பார்த்துக் கல்லூரியின் உதவித் தலைவரானார். அங்கே மாதம் 750 ரூபாய் பெற்றவர், 1906-இல் அதனை விடுத்து, கல்கத்தாவில் புதிதாகத் தோன்றிய தேசீயக் கல்லூரிக்கு 150 ரூபாய்ச் சம்பளத்தில் வந்து சேர்ந்தார். மாதம் 600 ரூபாய் குறைந்தது கேட்டால் நம் இல்லத்துப் பெண்மணிகள் என் சொல்வரோ, அறியேன்!

அலிப்பூர் வழக்கில் ஓராண்டு சிறையிருந்து, 1909-இல் விடுதலை பெற்றார். 1910 ஏப்ரல் 4-ஆம் தேதி கப்பலில் புதுச்சேரி அடைந்து, கோமுட்டித் தெருவில் சங்கரன் செட்டியார் வீட்டு மெத்தையில் ஆறு மாதம் தங்கினார். பின்னும் சில்லாண்டுகள் பணமுடை மிகுதியாயிருந்தது. அந்நிலையிலேயே 1914-இல் ஆர்யா என்னும் பத்திரிகை தொடங்கி, மாதந்தோறும் அதன் பக்கங்களைப் பெரும்பாலும் தாமே எழுதி நிரப்பினார். 1920-இல் நாகபுரிக் காங்கிரஸுக்குத் தலைமை தாங்க அழைத்தபோதும் மறுத்துவிட்டார்.

இவ்வாழ்விற்கு மற்றொருவரும் விலை கொடுத்தார் என்பதை மறைத்தல் தகாது. 1901-இல் அவர் மணந்த மிருணாளினி தேவியார் பெரும்பாலும் கணவரைப் பிரிந்தே வாழ்ந்து, புதுச்சேரியைக் காணாமலே 1918 டிசம்பரில் விஷஜுரத்தால் காலமானார். துறந்தவருடைய பெருமையைப் பேசுவோர் இவ்வம்மையாரை மறந்துவிடுதல் எனக்கு உடன்பாடன்று.

1926 நவம்பர் முதல் அவர் தம் அறையினின்று வெளிவருதலை நிறுத்தினார். ஆண்டில் மூன்று நாள், பிற்காலத்தில் நான்கு நாள், அன்பர்கள் அவரைத் தரிசித்தனர். 1950 டிசம்பர் 5-ஆம் தேதி அவ்வீட்டிலேயே உடல் நீத்தார். 9-ஆம் தேதி ஆசிரம முற்றத்து மரத்தடியில் அவரைச் சமாதி செய்தனர்.