கே. பி. சுந்தராம்பாள்

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் (1908 - 1980) தமிழ் நாடக மேடைப் பாடகியும் திரைப்பட நடிகையும் ஆவார். கே. பி. எஸ். என்றும் அழைக்கப்பட்டார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டிய உச்சக் குரலுக்காகப் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுமியாகத் தொடர்வண்டியில் பாடிக்கொண்டிருந்தபோது, ரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான எஃப். ஜி. நடேச ஐயர் இவரைக் கண்டறிந்து நாடக உலகில் சேர்த்தார் எனக் கூறப்படுகிறது. வேலு நாயர் குழுவின் நல்லதங்காள் நாடகத்தில் சிறுவன் வேடத்தில் அறிமுகமானார்.

கிட்டப்பாவுடன்

அக்கால 'ஸ்பெஷல்' நாடகங்களில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஓர் இரவுக்காக மட்டும் ஒன்றுகூடுவர். ஆர்மோனியமும் மிருதங்கமும் துணையிருக்க, பாட்டுக்குப் பாட்டு எதிர்த்துப் பாடுவதே நாடகத்தின் உயிர். மக்கள் கதை பார்க்க வந்ததைவிடப் பாட்டுக் கேட்க வந்ததே மிகுதி எனலாம். இலங்கையில் நாடகம் நடத்தச் சென்றபோது செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கத் தொடங்கினார். வள்ளி திருமணத்தில் இவ்விருவரின் வாதப் பாடல்கள் பெரும்புகழ் பெற்றன. 1927 இல் ஏற்கனவே மணமானவரான கிட்டப்பாவை மணந்தார்.

1933 டிசம்பரில் கிட்டப்பா தம் 27 ஆவது வயதில் காலமானார். அப்போது 25 வயதே ஆகியிருந்த சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை பூண்டார். எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டு மேடையை விட்டு விலகினார்.

திரைப்படத்துறையில்

அவ்வுறுதியே பின்னர் அவர் ஏற்ற வேடங்களைத் தீர்மானித்தது. காதல் நாயகியாக அவர் திரையில் தோன்றவில்லை. நந்தனார் (1935) படத்தில் நந்தனாராக ஆண் வேடமேற்றார். இதற்கு ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். அந்நாளில் அது வியப்புக்குரிய தொகை. எனினும் படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. மணிமேகலை (1940) படத்தில் துறவியானார். எஸ். எஸ். வாசனின் ஔவையார் (1953) மாபெரும் வெற்றி பெற்றது. நாற்பதுகளில் அவர் ஏற்ற முதியவள் வேடம், தமிழர் மனத்தில் ஔவையாரின் உருவமாகவே நிலைத்துவிட்டது. பூம்புகார் (1964) படத்தில் கவுந்தியடிகளாகவும், திருவிளையாடல் (1965) படத்தில் மீண்டும் ஔவையாராகவும் நடித்தார்.

அரசியலும் விருதுகளும்

சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரசுப் பரப்புரை மேடைகளில் தேசியப் பாடல்கள் பாடிக் கூட்டம் திரட்டினார். பிற்காலத்தில் சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். துணைவன் (1969) படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. 1970 இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. 1980 இல் சென்னையில் காலமானார்.