மைக்கேல் பாரடே கற்ற விதம்

நமது சிறுவரிற் பலர், விஞ்ஞானம் என்ற பாடவேளை வந்தமாத்திரத்தில் முகம் வாடுகின்றனர். தமக்கு அது வாராது என்று அவர்களே தீர்மானித்துக்கொள்ள, பெற்றோரும் அதற்கு உடன்பட்டுவிடுகின்றனர். அங்ஙனம் உடன்படுமுன் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கிலேயரது சரித்திரத்தைச் சற்று நோக்குமாறு நேயர்களை வேண்டுகின்றோம்.

இவர் 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், இலண்டனை அடுத்த நியூவிங்டனில் ஒரு கொல்லரின் புதல்வராய்ப் பிறந்தார். தந்தையார் பிணியாளர், இல்லத்தில் வறுமை மிகுதி. எழுத்து, வாசிப்பு, சிறிது கணக்கு என்ற அளவிற் பள்ளிப்படிப்பு முடிந்தது. பதின்மூன்றாம் வயதில் ரீபோ என்பவரது புத்தகக் கடையில் ஏவலாளாய் அமர்ந்தார். மறு ஆண்டு முதல் அங்கேயே ஏழாண்டு புத்தகம் கட்டுந் தொழில் பயின்றார்.

கட்டுவதற்கு வந்த நூல்களை வாசிப்பதும் அவரது வழக்கமாயிற்று. மார்செட் அம்மையார் இரசாயன சாஸ்திரத்தைச் சம்பாஷணை வடிவில் எழுதிய நூல் அவ்வாறு அவர் கைக்கு எட்டியது. அதிற் கண்டவற்றை அவர் நெட்டுருப் பண்ணவில்லை, அப்படியே நம்பிவிடவுமில்லை. வாரந்தோறும் சில பென்ஸ் காசு செலவிட்டுத் தாமே சோதனை செய்துபார்த்து, நூல் கூறியது மெய்யே என்று தெளிந்தார். அவ்வம்மையாரிடத்து அவர்க்கிருந்த நன்றி முதுமையிலும் குறையவில்லை.

1812-இல் ஹம்பிரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே கட்டி அவருக்கு அனுப்பினார். அதன் பயனாக 1813-இல் இராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளரானார். 1831 ஆகஸ்டு 29-ஆம் நாள், இரும்பு வளையமொன்றில் இரு கம்பிச்சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மற்றொன்றிலும் கணநேரம் மின்சாரம் எழுவதைக் கண்டார். இன்று நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் பெரும்பகுதி இவ்வுண்மையைப் பற்றியே உண்டாக்கப்படுகின்றது.

இத்தகையவர்க்கும் விஞ்ஞானத்தில் ஒரு கதவு இறுதிவரை திறக்கவில்லை. உயர்தரக் கணிதம் அவர் அறியார். காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் அணிவகுத்து நிற்பதைக் கண்டு, விசைக்கோடுகள் என்ற கருத்தை அவர் மனக்கண்ணால் வகுத்தார். அதனைக் கணித வடிவில் அமைத்தவர் மாக்ஸ்வெல் என்னும் இளைஞர். கணிதர் தாம் கண்ட முடிவுகளைச் சாதாரண பாஷையிலும் எழுதலாகாதா என்று பாரடே 1857-இல் அவ்விளைஞருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். புகழின் உச்சியிலிருந்த அறுபத்தாறு வயதினர் தமக்கு விளங்காததை விளங்கவில்லையென்று நாணாது கூறியது நமக்கு வியப்பைத் தருகின்றது. நம் சிறுவர்க்கோ அவ்வாறு சொல்ல இடமில்லை. சொன்னால் மந்தன் என்ற பட்டமே கிடைக்கும். பொருளைக் காட்டாமல் அதன் இலக்கணத்தை முதலில் ஒப்பிக்கச் செய்துவிட்டு, பிள்ளைக்கு அறிவு போதாதென்று குறைகூறுவது நியாயமாகுமா?

பாரடே கிறிஸ்துமஸ் காலங்களில் சிறார்க்கென்றே பல ஆண்டுகள் சொற்பொழிவு நிகழ்த்தினார். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, அது எரிவதிலிருந்தே காற்று, நீர், கரி, நாம் விடும் மூச்சு ஆகியவற்றின் தன்மைகளையெல்லாம் அவர் விளக்கியது உலகப் பிரசித்தம். 1862-இல், இங்கிலாந்தின் ஒன்பது பெரும்பள்ளிகளை ஆராய்ந்த அரசாங்கக் குழுவின்முன் சாட்சியம் அளித்தபோது, எளிதாக எடுத்துச் சொன்னால் ஒரு சோதனையின் கருத்தை உணரமாட்டாத சிறுவனைத் தாம் கண்டதேயில்லை என்றார். ஐந்தாண்டு கழித்து, 1867 ஆகஸ்டு 25-ஆம் நாள், தம் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர்நீத்தார்.