மாலையில் விழும் இமையும் மேரி வோக்கரும்

உடப்பில் கரைவலை இழுக்கும் இடத்திலோ கல்பிட்டியில் கருவாடு காயும் வாடியிலோ மேரி வோக்கர் என்ற பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. நரம்பு வைத்தியம் படித்தவர்களிடம் கேளுங்கள், உடனே சொல்வார்கள். இந்தக் கரையில் வாழ்பவள் நான். அவருடைய கதையை இங்கே சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. யுத்தத்துக்குப் பிறகு நம் ஆட்களுக்கு வருகிற சோர்வு எல்லாவற்றையும் மன உளைச்சல் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். அந்தச் சாக்குக்குள் மருந்து உள்ள நோய்களும் கிடக்கின்றன.

மேரி பிரோட்ஃபுட் வோக்கர் 1888இல் ஸ்கொட்லாந்தின் விக்டவுன் என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்தார். 1913இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். முதலாம் உலக யுத்தத்தில் இராணுவ வைத்தியசாலையில் வேலை செய்தார். யுத்தம் முடிந்ததும் இலண்டன் கிரீனிச்சில் செயிண்ட் அல்ஃபேஜ் வைத்தியசாலையில் உதவி வைத்தியராகச் சேர்ந்தார். வசதி உள்ளவர்கள் போகிற இடம் அது இல்லை. ஏழைகள் விடுதியோடு சேர்ந்த வைத்தியசாலை. பெரிய பேராசிரியர்கள் எட்டிப் பார்க்காத வார்டுகளில் அவர் ஆண்டுக்கணக்கில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1934இல் அவருடைய வார்டில் மயஸ்தீனியா கிராவிஸ் நோயுள்ள பெண் ஒருவர் இருந்தார். இமை தூங்கும், கை தூக்க முடியாது, தாடை தொங்கும், விழுங்கக் கஷ்டம். அந்தக் காலத்தில் இதற்குச் சொல்லும்படியான வைத்தியம் இல்லை. அங்கு வந்துபோன நரம்பு வைத்தியர் டெனி-பிரவுன், இந்த நோய் குராரே விஷம் ஏறியது போல இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். குராரே என்பது தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவும் நஞ்சு. வோக்கர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். குராரேக்கு மாற்று மருந்து பைசோஸ்டிக்மின் என்பது தெரிந்த விஷயம்தான். அப்படியானால் இந்த நோய்க்கும் அதைக் கொடுத்துப் பார்த்தால் என்ன?

ஊசி போட்டார். ஒரு மணித்தியாலத்துக்குள் இடது இமை மேலே போனது. கைக்குப் பலம் வந்தது, விழுங்க முடிந்தது. சில மணித்தியாலங்களில் மருந்தின் வேகம் குறைய, பழைய நிலை திரும்பியது. மறுபடி ஊசி, மறுபடி இமை உயர்ந்தது. 1934 ஜூனில் லான்செட் சஞ்சிகையில் ஒரு சிறு கடிதமாக இதை எழுதினார். செயிண்ட் அல்ஃபேஜின் அற்புதம் என்று பிறகு பேசப்பட்டது இதுதான்.

பைசோஸ்டிக்மின் மேற்கு ஆபிரிக்காவின் கலபார் அவரையிலிருந்து எடுப்பது. குற்றவாளியா இல்லையா என்று பார்க்க அங்கே அந்த அவரையைத் தின்னக் கொடுத்த வழக்கம் இருந்தது. நஞ்சுக்கு நஞ்சே மருந்து என்பது நம் நாட்டு வைத்தியர்களுக்கும் புதிதில்லை.

ஜேர்மனியில் ரெமென் என்பவர் 1932இலேயே நியோஸ்டிக்மினைப் பயன்படுத்தியிருந்தார், ஆனால் அதன் பெறுமதி அன்று எவர் கண்ணிலும் படவில்லை. வோக்கர் 1935இல் அதே மருந்தின் பலனை இலண்டன் வைத்தியர்கள் முன்னால் காட்டினார். அவ்வாண்டே எடின்பரோவின் தங்கப் பதக்கமும் கிடைத்தது. ஆனாலும் பதவி பெரிதாக உயரவில்லை. பெண் என்பதும், ஏழைகளின் வைத்தியசாலையில் இருந்தவர் என்பதும்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அரச வைத்தியக் கல்லூரியின் பரிசு 1962இல் வந்தது, கண்டுபிடித்து 28 ஆண்டுகள் கழித்து.

இனி இந்தக் கரைக்கு வருகிறேன். வன்னியிலிருந்து வந்து உறவினரோடு தங்கிய ஒரு அக்காவை எனக்குத் தெரியும். கணவரை இறுதி யுத்தத்தில் இழந்தவர். காலையில் நன்றாக மீன் வெட்டுவார். பின்னேரமானால் இமை விழும், பேச்சு மூக்கால் வரும், பாதிச் சோற்றில் வாய் களைத்துவிடும். அழுதழுது கண் கெட்டுப்போச்சு என்றார்கள். செய்வினை என்று நூல் கட்டினார்கள். ஓரிடத்தில் நித்திரைக் குளிசை கொடுத்தார்கள். இந்த நோயில் அது மூச்சையே பலவீனமாக்கும். கடைசியில் ஓர் இளம் வைத்தியர் அவரைக் கூரையைப் பார்த்தபடி இருக்கச் சொன்னார். ஒரு நிமிடம் ஆவதற்குள் இமை இறங்கியது. அதன் பிறகு கொழும்புக்கு அனுப்பி இரத்தப் பரிசோதனை செய்து, நோய் இன்னதென்று சொன்னார்கள்.

மயஸ்தீனியாவின் அடையாளம் இந்த ஏற்ற இறக்கம்தான். ஓய்வெடுத்தால் பலம் திரும்பும், வேலை செய்யச் செய்யக் குறையும். வலியோ விறைப்போ இருக்காது. துணியில் சுற்றிய ஐஸை மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைக்க இமை சற்று உயர்ந்தால் சந்தேகம் பலப்படும். மீன் துறையில் ஐஸுக்கா பஞ்சம்! ஆனால் முடிவு சொல்வது வைத்தியர்தான். அதிகாலையில் திடீரென இமை விழுந்து வயிற்றுவலியும் இருந்தால் கதை வேறு. தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்திருக்கலாம், கடித்த தடம் தெரியாமலும் இருக்கும். அப்போது ஐஸும் வேண்டாம், பார்வை பார்ப்பதும் வேண்டாம், உடனே வைத்தியசாலை.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வேறு நோய். அதில் கெடுவது மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள நரம்புகளின் உறை. ஒரு கண் சில நாட்களுக்குள் மங்கும், கண்ணை அசைத்தால் வலிக்கும். பிறகு கால் விறைப்பு, தள்ளாட்டம், சிறுநீர் அடக்க முடியாமை. வாரங்களில் குறைந்து மாதங்கள் கழித்துத் திரும்பி வரும். வெயிலில் கூடும். இளம் பெண்களுக்கே அதிகம். நம் நாட்டில் அரிது என்பதால் மறந்துவிடக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. வேண்டும். உடலில் செல் துண்டோ சன்னமோ இருப்பவர்கள் அந்த இயந்திரத்துக்குள் போகுமுன் கட்டாயம் சொல்ல வேண்டும். காந்தம் இரும்பை அசைக்கும், கண்ணுக்கோ நரம்புக்கோ அருகில் இருந்தால் பேராபத்து. பழைய காயம்தானே, ஆறிவிட்டதே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். எப்போது, எங்கே பட்டது என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். பயந்து மறைக்கிறவர்களும் உண்டு. அவர்களோடு போகிறவர் இதை முன்கூட்டியே வைத்தியரின் காதில் போட்டுவைக்க வேண்டும்.

வோக்கர் 1974இல் காலமானார். அதற்கு ஓராண்டு முன்னர்தான், உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பும் தசையும் சேருமிடத்தைத் தாக்குகிறது என்பதற்கு முயல்களில் செய்த ஓர் ஆய்வு வழி காட்டியது. அதனால் இன்று பிரிடோஸ்டிக்மின் குளிசையோடு பிரெட்னிசொலோன் போன்றவையும் கொடுக்கிறார்கள். நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். நோயாளிகள் வேறு எந்த வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போனாலும் தமக்கு மயஸ்தீனியா இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். ஜென்டாமைசின், சிப்ரோபுளொக்சசின் போன்றவை நோயை மோசமாக்கும். மூச்சுத் திணறினாலோ எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்காமல், அந்த நேரத்திலேயே வாகனம் பிடிக்க வேண்டும்.

அந்த அக்கா இப்போது பின்னேரச் சோற்றுக்கு அரை மணித்தியாலம் முன்னர் ஒரு குளிசை போடுகிறார். தட்டை முடித்துவிட்டுத்தான் எழும்புகிறார்.