பல்லாவரத்து அடிகளார்

இன்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நம்மில் பலர் தேர்வு முடிவைக் காட்டுவோம்; வேலைக்கான ஆணையைக் காட்டுவோம். என்றோ வரப்போகும் ஒரு நாளைக் காட்டுவோமே அன்றி, இன்றைய நாளைக் காட்டமாட்டோம். ஒவ்வொரு நாளையும் அன்றன்றே நிறைவாக வாழ்ந்த பெருமகனார் ஒருவர் நம் தாம்பரத்தை அடுத்த பல்லாவரத்தில் இருந்தார். அவர்தாம் மறைமலையடிகள்.

மறைமலை நகர் என்னும் பெயரைப் பேருந்துப் பலகைகளில் நாள்தோறும் காண்கிறோம். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை என்று பாடநூலில் படிக்கிறோம். ஆயினும், அவர் தம் நாள்களை எவ்வாறு நடத்தினார் என்று அறிந்த பின்னரே அவர் எனக்கு நெருக்கமானவர் ஆனார்.

அடிகளார் 1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். பள்ளிப் படிப்பு இடையிலேயே நின்றது. ஆனால் கல்வி நிற்கவில்லை. புத்தக வணிகம் செய்துவந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்றார். 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அக்கல்லூரி அந்நாளில் சென்னைப் பட்டணத்துள் இருந்தது. தாம்பரத்துக்கு வந்தது 1937இல்தான்.

பட்டப் படிப்பில் தாய்மொழி கட்டாயம் இல்லை என்று பல்கலைக்கழகம் விதியை மாற்றியது. 1911இல் அடிகளார் பணியை விட்டு விலகி, மனைவி மக்களுடன் பல்லாவரத்தில் குடியேறினார். அவ்வாண்டிலேயே துறவுக்கோலமும் பூண்டார். திங்கள்தோறும் வந்த சம்பளம் நின்றது, குடும்பமோ பெரிது. எதை நம்பி இத்துணிவு கொண்டார்? தம் அன்றாட ஒழுங்கை நம்பியே என்பது என் எண்ணம்.

நாட்குறிப்பு எழுதுவது அவர் வழக்கம். 1898இல் தொடங்கிய அப்பழக்கம் 1950 வரை தொடர்ந்தது. நாளைக்கு ஒரு சிறு குறிப்பு. அது அரை நூற்றாண்டாய் வளர்ந்தது. நூல்களைத் தேடி வாங்குவதும், பிள்ளையைப் போல் பேணுவதும் அவருக்கு மற்றோர் இன்பம். இவ்வாறு சேர்ந்தவை ஏறத்தாழ 4,000 நூல்கள். அவர் மறைவுக்குப்பின் அவை மறைமலையடிகள் நூல்நிலையமாகி, இன்று நம்போன்ற மாணவர்க்குப் பயன்படுகின்றன. 1916இல் மகள் நீலாம்பிகையுடன் பேசிக்கொண்டிருந்த வீட்டுப் பேச்சிலிருந்தே தனித்தமிழ்க் கொள்கை உருப்பெற்றது. பேசும் சொல்லைத் தூய்மையாக வைத்துக்கொள்வதும் ஓர் அன்றாடப் பழக்கந்தானே!

உடல் நலத்தையும் அவர் சிறிதாக எண்ணவில்லை. உணவு, உறக்கம், மூச்சு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி நெடிது வாழும் வழியை ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ என்னும் நூலில் விளக்கினார். மனத்தையும் உடலையும் ஓய்வில் இருத்தும் அறிதுயிலைப் பற்றித் தனிநூல் எழுதினார். பாடும் குரல்வளமும் பெற்றிருந்தார்.

நூறாண்டு வாழ வழி சொன்னவர் 74ஆம் வயதில், 1950 செப்டம்பர் 15இல் மறைந்தாரே என்று நண்பர் ஒருவர் என்னிடம் நகைத்ததுண்டு. ஒழுங்கு மரணத்தை விலக்காது, துயரையும் விலக்காது. அருமை மகள் நீலாம்பிகை தமக்கு முன்னரே மறையக் கண்டவர் அடிகளார். ஆயினும் நாட்குறிப்பு நிற்கவில்லை. நூலைக் கை விடவில்லை. துன்பம் வந்த நாளிலும் பற்றிக்கொள்ள ஒரு கொம்பு அவருக்கு இருந்தது. சிறு பழக்கங்கள் தரும் பெரும்பயன் இதுவே.

மாணவ நண்பர்களே! துறவும் பெரும்புலமையும் எல்லார்க்கும் வாய்ப்பன அல்ல. இரவில் நான்கு வரி எழுதுவதும், நாளும் பத்துப் பக்கம் படிப்பதும், மென்று உண்டு நேரத்தோடு உறங்குவதும் நமக்கு எட்டாதவையா? பொருட்செலவே இல்லாத இவ்வின்பங்களுக்கு எந்தத் தேர்வு முடிவையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவே தொடங்கலாம்.